எழுபத்தோராம் தாள் என்னுடையது

என் கொழுந்தியாளுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் சாவிக்கொத்து. பத்தொன்பது வருடமாக அங்கே ஆயா வேலை. காலை ஆறரைக்கு இருபத்திரண்டு பூட்டைத் திறப்பாள், சாயங்காலம் அதே இருபத்திரண்டையும் பூட்டுவாள். நடுவில் மணி அடிப்பது, தொட்டி கழுவுவது, வாந்தி எடுத்த பிள்ளையின் சட்டையை அலசிக் காயப்போடுவது. இத்தனை வருடமும் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆக்கும் கோப்பு இந்த வருடம்தான் தலைமையாசிரியர் மேசைக்கு வந்தது. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அதற்காகவே அந்த மேசையை ஒரு நாளைக்கு மூன்று முறை துடைத்தாள், பைத்தியக்காரி.

தலைமையாசிரியரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சுவரில் மாட்டிய தன் படத்துக்குத் தானே வணக்கம் வைக்கக்கூடிய ஆள்.

ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் கட்டுக் கட்டாகத் தாளோடு வந்தாள். பிள்ளைகள் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கும் நாற்பத்திரண்டு கேள்விகள். எங்கோ வேறு நாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தது, நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லவே இல்லை' என்றால் ஒன்று, 'முழுக்க உண்மை' என்றால் ஐந்து. பெயர் எழுத வேண்டாம், எண் மட்டும்.

"இது பரீட்சை இல்ல சார். நாங்க பிள்ளைங்கள சோதிக்கல, கேள்விங்களத்தான் சோதிக்கிறோம்" என்றாள்.

"புரியுது, புரியுது" என்று அவளை ஆசிரியர் அறையில் தேநீரோடு உட்கார வைத்துவிட்டு, இவர் நேராக ஒன்பதாம் வகுப்பின் மூன்று பிரிவுக்கும் போனார்.

"ஒண்ணுலேர்ந்து நாப்பத்திரண்டு வரைக்கும் அஞ்சு. எவனாவது மூளைய உபயோகிச்சீங்க, தொலைச்சுடுவேன்."

தாளை பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்து வாங்கியது சாவிக்கொத்து. நூற்றுப் பன்னிரண்டு தாள். உறையில் போட்டு ஒட்டும் முன் இவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் அப்போது அவர் அறையில் அலமாரிக் கதவைச் சீவிக்கொண்டிருந்தேன். தச்சன் இருக்கும் அறையில் ஆள் இருப்பதாக அவர் எண்ணமாட்டார்.

எல்லாம் ஐந்து ஐந்தாகப் போய்க்கொண்டிருந்தது. எழுபத்தோராம் தாளில் ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. அவர் முகம் கறுத்தது. மணி அடித்து அவளைக் கூப்பிட்டார்.

"யாருக்கு இத குடுத்த? சொல்லு. அப்பன வரவழைச்சு டிசி குடுத்து அனுப்புறேன். பள்ளிக்கூடத்து மானத்த வாங்க வந்திருக்கு."

அவளுக்கு யார் என்று தெரியும். மூன்றாம் பெஞ்சு ஓரத்தில் உட்காரும் பெண். வாரத்தில் இரண்டு நாள் வீங்கிய கன்னத்தோடு வரும். அதன் அப்பன் முதலில் கையை நீட்டிவிட்டு அப்புறம்தான் வாயைத் திறப்பான்.

"அது என்னோடது சார்" என்றாள்.

நான் சீவுவதை நிறுத்தினேன்.

"என்னது?"

"தாள் ஒண்ணு மிச்சமிருந்துச்சு. நானும் போட்டேன்."

"உனக்கெதுக்கும்மா இது? பொய் சொல்றியா?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் படிக்கிறேன், நீ சொல்லு. 'எதிர்காலத்தின் மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது.'"

"ரெண்டு சார். பத்தொன்பது வருஷம் ஆச்சுல்ல."

தாளில் இரண்டுதான்.

"'மனம்விட்டுப் பேச எனக்கு ஆள் இருக்கிறது.'"

"ஒண்ணு."

"இங்க ரெண்டு போட்டிருக்கு!"

"அப்ப மனசு கொஞ்சம் நல்லா இருந்திருக்கும் சார்."

அவர் பல்லைக் கடித்தார். "'இந்தப் பள்ளியில் என்னை மதிக்கிறார்கள்.'"

"ஒண்ணு. நாலு நாற்காலி சும்மா கெடக்கு, நான் நின்னுக்கிட்டுதானே பதில் சொல்றேன்."

அதற்குமேல் அவர் படிக்கவில்லை. எழுபத்தோராம் தாளைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டு, மிச்சம் நூற்றுப் பதினொன்றை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தார்.

பல்கலைக்கழகப் பெண் பத்துத் தாள் பார்த்தாள். போதும் என்று வைத்துவிட்டாள்.

"சார், 'என் மேல் எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள்', அஞ்சு. 'நான் யாருக்கும் வேண்டாதவன்', அதுக்கும் அஞ்சு. படிக்காம குறி போட்டா தெரியணும்னுதான் சில கேள்விய திருப்பிப் போட்டு வைக்கிறது. இது எதுவும் ஆகாது."

"எங்க பிள்ளைங்க எதுலயும் முதலிடம்மா" என்றார் அவர். அந்தப் பதிலுக்கு எந்தக் கேள்வித்தாளில் எண் போடுவது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

அவள் வாசலுக்கு வந்தபோது சாவிக்கொத்து காத்திருந்தாள். அந்தப் பிள்ளை விஷயத்தை இரண்டு வார்த்தையில் சொன்னாள். "அவள மட்டும் தனியா கூப்பிட்டீங்கன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்மா."

பல்கலைக்கழகப் பெண்ணுக்கு உண்மையாகவே மூளை இருந்தது. கேள்வி புரிகிறதா என்று பார்க்கப் பத்துப் பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேசுவது அவள் வேலையில் ஏற்கெனவே உள்ளதுதான். பத்தில் ஒன்றாக இதையும் கூப்பிட்டாள். மற்ற ஒன்பது பேரும் கால்மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். இது முக்கால் மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் ஓர் ஆலோசகர் வந்து பிள்ளைகளிடம் பேசுகிறார். அந்த ஆலோசகரே அப்பனிடமும் ஒரு நாள் போய்வந்தார். எழுபத்தோராம் தாள் என்று அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை.

இங்கே தலைமையாசிரியர் சும்மா இருப்பாரா? கோப்பில் எழுதினார்: 'மனநிலை சரியில்லாதவர். சான்று இணைக்கப்பட்டுள்ளது.' சான்று எது? எழுபத்தோராம் தாள்! பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஆகுமா என்று இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிற ஒரு தாளை வைத்து, நாற்பத்துமூன்று வயதுக்காரிக்குப் பைத்தியம் என்று முத்திரை குத்திய அறிவாளி. இவர்தான் நூறு பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும்.

கல்வி அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி நல்ல மாதிரி.

"ஏம்மா, இது உன் தாள்தானா? ஒரு தடவை இல்லன்னு சொல்லு. குறிப்ப இப்பவே அடிச்சுட்டு நானே உத்தரவு போட்டுடறேன்."

நான் பின்னாலிருந்து அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னோடதுதான் சார்."

பல்கலைக்கழகப் பெண் ஒரு கடிதம் கொடுத்திருந்தாள். இந்தக் கேள்வித்தாளை வைத்து எந்தப் பிள்ளையையும் எடை போடும் தகுதி அதற்கு இன்னும் வரவில்லை, பெரியவர்களை எடை போடுவதற்கு அது செய்யப்படவே இல்லை என்று. அதிகாரி இரண்டு முறை படித்தார். தலைமையாசிரியர் எழுதியதை அடித்தார். ஆனால் அவள் ஒத்துக்கொண்டதால் நேரே உத்தரவு போட முடியாதாம். முறைப்படி புதுப் பரிந்துரை வேண்டுமாம். அது யாரிடமிருந்து? அதே மகானிடமிருந்து.

பேருந்து நிறுத்தத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு இல்ல சொல்ல வாய் வலிச்சுதா? இந்நேரம் நீ நிரந்தரம்டி. உங்க அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"சொல்லியிருந்தா அடுத்த கேள்வி, 'அப்ப யாரோடது?'ன்னுதான் வரும் மாமா. என் கோப்ப எத்தன அடி அடிச்சாலும் அதுக்கு வலிக்காது. பஸ் வருது, ஏறுங்க."

ஏறினேன். வேறென்ன செய்ய?

கோப்பு மறுபடி அவர் மேசையில்தான் கிடக்கிறது. ஐந்து மாதமாகிறது. தலைமையாசிரியர் இன்னும் கையெழுத்துப் போடத் தோதான பேனா தேடிக்கொண்டிருக்கிறார்.