கேமராவில் தூங்கிக்கொண்டிருந்த மகள்

எங்கள் வீடு அசோக் நகரில். என் அலுவலகம் தேனாம்பேட்டையில். மூன்று வயது மகளைப் பார்த்துக்கொள்ள தேவி என்ற பெண்ணை வேலைக்கு வைத்தபோதே ஹாலில் கேமராவும் பொருத்தினோம்.

அன்று மீட்டிங்கில் இருந்தபோது தேவி அழைத்தார். போனில் கேமராவைத் திறந்து பார்த்தேன். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஏதாவது சாமான் தீர்ந்திருக்கும் என்று அழைப்பைத் துண்டித்தேன். திரும்பத் திரும்ப அழைத்தார். எரிச்சலோடு துண்டித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எதிர்வீட்டு அம்மா கூப்பிட்டார்.

"இன்னாம்மா, போன எடுக்கவே மாட்டியா? உன் பொண்ணு ரூம்ல கீழ்த் தாப்பாள போட்டுக்கினு உள்ள அழுவுது."

ஆட்டோ பிடித்துப் பறந்தேன். அதற்குள் தேவி ஒரு தச்சரை அழைத்துவந்து கதவைத் திறந்திருந்தார். வியர்வையில் நனைந்திருந்த குழந்தை, அவர் தோளை விட்டு என்னிடம் வர மறுத்தாள்.

"கரண்ட் வேற இல்லக்கா, உள்ள ஒரே இருட்டு. அதான் போன் மேல போன் போட்டேன்" என்றார் தேவி.

மின்சாரம் போனதும் இன்டர்நெட் நின்று, பழைய படமே திரையில் உறைந்திருக்கிறது. கேமரா விற்ற கடையில் கேட்டால், "நெட் இல்லன்னா அப்படித்தான் மேடம்" என்கிறார்கள். வாங்கும்போதே சொல்வதற்கென்ன? அதைவிட, படத்தை நம்பி ஆளை நம்பாமல் போன என்மேல்தான் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கீழ்த் தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிவிட்டோம். இப்போது தேவி அழைத்தால், மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்து வெளியே போய் எடுக்கிறேன்.