அப்பாவிடம் கேட்காமல் சொன்ன பதில்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதப் புதன்கிழமை. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிளினிக்கில் நடந்தது இது.

அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. டொக்டராக வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அதற்கு முதல் முடிக்கவேண்டிய பட்டப்படிப்பை எங்கே படிப்பது என்பதுதான் பிரச்சினை. எல்லைக்கு அந்தப் பக்கம், பொஸ்டனுக்குக் கிட்ட ஒரு தனியார் பல்கலைக்கழகம் இடம் தந்திருந்தது. வகுப்பில் இருபது பேர்தான். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகத் தனியாக ஓர் ஆலோசகர். இங்கே மெட்ரோவில் போய்வரக்கூடிய அரசாங்கப் பல்கலைக்கழகமும் இடம் தந்திருந்தது. அங்கே ஒரு மண்டபத்தில் நானூறு பேர், என் பெயர்கூட ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. காலையில் எழும்பும்போது அது, பல் விளக்கி முடிப்பதற்குள் இது. அப்பாவுக்கு மட்டும் காண்கிறவர்களிடமெல்லாம் பொஸ்டன் கதைதான். பதில் சொல்லக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கவேண்டும் என்று அம்மா என்னைக் கூட அனுப்பினார். அப்பாவின் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியோடு சரி. எங்கள் வீடுகளில் மொழிபெயர்ப்பது பிள்ளைகளின் வேலை. ஏழு வயதிலிருந்து செய்கிறேன். அதனால் வந்த திமிரும் கொஞ்சம் இருந்தது.

நேர்ஸ் கேட்கக் கேட்க, கண் போனில் இருக்க, நானே பதில் சொல்லிக்கொண்டு போனேன். சிகரெட்? இல்லை. மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா? ஓம். படி ஏறும்போது நெஞ்சு இறுக்குமா? இல்லை. மூன்றாம் மாடிக்கு அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு வருகிற மனுஷனிடம் இதையெல்லாம் என்னத்துக்குக் கேட்பது என்று நினைத்தேன்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

"ஒண்டுமில்லையப்பா, நான் சொல்லிட்டன்."

நேர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். இரண்டு விரல்களால் மேசையில் படி ஏறிக் காட்டினார். பிறகு கையை நெஞ்சில் வைத்து இறுக்கிப் பிடித்தார். அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"ஓம், ஓம். ரெண்டாம் மாடியில நிண்டு மூச்சு எடுத்துத்தான் மிச்சம் ஏறுறன். இப்ப ரெண்டு மாசமா."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே நேர்ஸுக்குப் பிரெஞ்சில் சொன்னேன்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் பெரிய அடைப்பு. மறுநாள் அதைத் திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால், என்று தொடங்கிய டொக்டர் வசனத்தை முடிக்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று அழுதேன்.

"நீ கேக்கேல்லையே," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் இன்னொன்றும் அவரிடம் கேட்கவில்லை என்பது உறைத்தது. நான் பொஸ்டனுக்குப் போவது அவருக்கு விருப்பமா என்று கேட்டேன்.

"எனக்கோ? நீயெல்லோ பொஸ்டன்காரர் அனுப்பின புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில விரிச்சு வைச்சனி. பிள்ளை ஆசைப்படுறாள், குறுக்க நிக்கக்கூடாது எண்டு நானும் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சன்."

அவருக்கு ஆசை என்று நினைத்துத்தான் நான் அதை விரித்தே வைத்திருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தபடியே அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் அனுப்பினேன். அப்பாவைப் பார்க்க நின்றுவிட்டாள் என்று சனம் கதைக்கிறது. அது பாதி உண்மை. நானூறு பேருக்கு நடுவில் எனக்கு வேண்டியதை நானே எழும்பிக் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கப் பழகவேண்டியவள் நான்.

மருத்துவத்துக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. எடுத்த முடிவு சரிதானா என்று இப்போதும் மனம் அலைபாய்கிறது. டொக்டராக வருவேனா தெரியாது. ஆனால் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில், ஒரு சொல்லில் அப்பாவின் உயிரோடு விளையாடியவள் நான் என்பதை மறக்கவேமாட்டேன்.