நான் விட்ட பஸ்கள்

எங்கள் பக்கத்தில் பஸ்ஸை விடுவது ஒரு குற்றம். கற்பிட்டிப் பாதையில் குடியிருப்பவர்கள் பஸ்ஸைக் கண்டால் ஓடுவார்கள். கையில் பிள்ளையிருந்தாலும் ஓடுவார்கள், தலையில் மூட்டையிருந்தாலும் ஓடுவார்கள். ஒரு அவசரமும் இல்லாதவர்கள்கூட மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து ஓடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஏறவேண்டிய பஸ்ஸைக் கண்ணெதிரே போகவிட்டு, அடுத்தது வரும்வரை மதகில் குந்தியிருந்தவள் நான். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, மாதக்கணக்கில். அப்படி இருந்தபடியால்தான் என் வேலை என் கையில் நின்றது என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

யுத்தம் முடிந்து மன்னார்ப் பாதை திறந்துவிட்டிருந்த காலம் அது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து, மாம்புரிக்கு இந்தப் பக்கம் குடியேறிய குடும்பம் எங்களுடையது. என் கணவர், மன்னாரில் காடு பிடித்துக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கப் போவதும் வருவதுமாக இருந்தார். வியாழன் பின்னேரம் வந்தால் சனி விடியப் போய்விடுவார். வீட்டில் நான், கணவரின் தாயான மாமி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். மாமிக்குச் சீனி வருத்தம். ஒன்றரைக்குள் சோறு வயிற்றுக்குள் போகாவிட்டால் கை நடுங்கத் தொடங்கிவிடும்.

எனக்குப் பாலாவியில் உப்புப் பக்கெட் போடுகிற இடமொன்றில் அரைநாள் வேலை கிடைத்தது. காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டு வரை, வருகிற லொறிக்கும் போகிற லொறிக்கும் துண்டு எழுதிக் கொடுக்கவேண்டும். லொறி நம்பர், எத்தனை மூட்டை, சாரதியின் கையெழுத்து. அரைநாள் ஏனென்றால், முந்திய மாரியில் எனக்கு வந்த காய்ச்சல் போகிறபோது உடம்பிலிருந்த பலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. முழுநாள் வேலை என்ற பேச்சே வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அரைநாள் வேலையென்றால் களைப்பும் அரைவாசிதானே என்று நானும் நினைத்தேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது. அரைநாள் வேலைக்குப் போகிறவளை முழுநாளும் வீட்டில் இருப்பவள் என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். மற்றவர்களை ஏன் சொல்வான், நானே அப்படித்தான் எண்ணினேன்.

பன்னிரண்டு மணிக்குப் பேனையை வைத்தால் பன்னிரண்டு பத்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற கையோடு அடுப்பை மூட்டுவேன். மாமிக்குச் சோறு, பிள்ளைகளுக்குச் சோறு, லுஹர் தொழுகை, சட்டிபானை, உடுப்புத் தோய்ப்பு, அதற்குப் பிறகு தையல் மெஷின். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளை உடுப்புகளை நான்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வேலை முடிகிற இடமும் அடுத்தது தொடங்குகிற இடமும் எனக்கே தெரியாது. துண்டு எழுதும்போது கறிக்குப் புளி இருக்கிறதா என்று யோசிப்பேன், புளி கரைக்கும்போது லொறி நம்பர் ஓடும். ஒருநாள் ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கைகளை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இன்னொரு நாள் ஒரே லொறிக்கு இரண்டு துண்டு எழுதிவிட்டேன். அந்த லொறி வாசலில் நிற்க, பின்னால் ஐந்து லொறிகள் நிற்க, சாரதிமார் சிங்களத்தில் என்னை வாழ்த்திய வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கணவர் வீட்டில் நிற்கிற நேரம் பார்த்து, கிணற்றடியில் வாளியோடு சேர்ந்து விழுந்தேன். கண் திறந்தபோது முகமெல்லாம் தண்ணீர். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். அமைதியாக ஒரு தவணை வைத்தார்.

"நோம்பு வரைக்கும் பாரு. அதுக்குள்ள இன்னொருக்கா விழுந்தா வேலைய விடவேணும்."

நோன்புக்கு ஐந்து மாதம் இருந்தது. ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? ஆனால் அந்த வேலையை விட எனக்குத் துளியும் மனமில்லை. பன்னிரண்டு வயதில் மன்னாரை விட்டு வந்தவள் நான். முகாமில் படித்துப் பாதியில் விட்டவள். அந்த மேசையில் என் கையெழுத்துப் பட்டால்தான் லொறி வாசலைத் தாண்டும். அந்தக் கதிரையில் இருக்கிற நாலரை மணித்தியாலமும் என்னை ஒருவரும் மருமகள் என்றோ உம்மா என்றோ கூப்பிடுவதில்லை. பிள்ளைகளில் உயிரையே வைத்திருப்பவள்தான் நான். இருந்தாலும் அந்த நாலரை மணித்தியாலம் எனக்கு வேண்டும்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒருநாள் பன்னிரண்டு பத்து பஸ் சனம் நிறைந்து வந்து, நிற்காமலே போய்விட்டது. அடுத்தது பன்னிரண்டு நாற்பதுக்குத்தான். எனக்கு அழுகை வராத குறை. சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு வேம்புக்குக் கீழே மதகு ஒன்று இருந்தது. அதில் போய்க் குந்தினேன். முன்னால் உப்புப் பாத்திகள், வெள்ளை வெயில், காற்று. முதல் பத்து நிமிடம் மனதுக்குள் பஸ்காரனைத் திட்டினேன். திட்டு முடிந்ததும் காலையில் வந்த லொறிகள் ஒவ்வொன்றாகத் தலைக்குள் ஓடின. அவையும் ஓடி முடிந்தன. அதற்குப் பிறகு தலைக்குள் ஒன்றுமில்லை. பாத்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினேன், சோறு போட்டேன், தோய்த்தேன், தைத்தேன். பின்னேரம் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் நான் இன்னும் களைக்காமல் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். அடுத்த நாள் பழையபடி முதல் பஸ்ஸில் போனேன், இரண்டு மணிக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள், பஸ் வந்து நின்று, நடத்துநர் பொடியன் ஏறுங்க ஏறுங்க என்று கூப்பிட, நான் ஏறவில்லை. அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மணியடித்தான். எனக்குள் ஏதோ களவு செய்த குறுகுறுப்பு. ஆனாலும் சொல்லவேண்டும், நல்ல ருசியான களவு.

அன்றிலிருந்து அதை ஒரு ஒழுங்காக்கிக்கொண்டேன். சோற்றை விடியவே வடித்து வைத்துவிட்டு வந்தபடியால் மாமிக்கும் ஒன்றரை தவறவில்லை. மதகில் இருந்தபடி முதலில் லொறிகளை அனுப்பிவிடுவேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எழும்புகிற நேரத்தில் மட்டும் வீட்டில் முதல் வேலை எது என்று ஒன்றே ஒன்றை நினைப்பேன். வீட்டிலும் இதே வழியைப் பிடித்தேன். உடுப்புத் தோய்க்கிற நாளில் மெஷினைத் தொடுவதில்லை. லுஹரை ஓட்டத்தோடு ஓட்டமாகத் தொழுதுவிட்டு எழும்புகிற பழக்கத்தை விட்டேன். ஸலாம் கொடுத்த பிறகும் பாயிலேயே கொஞ்சம் இருந்தேன். ஒரு வேலைக்கும் மற்றதற்கும் நடுவில் நிற்பதற்கு அந்தத் தொழுகையில் எனக்கு எப்போதோ நேரம் ஒதுக்கித் தரப்பட்டிருந்தது. நான்தான் அதையும் இன்னொரு வேலையாக்கி வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. அதற்குப் பிறகு ஊர் வாய் திறந்தது. நடத்துநர் பொடியன் யாரிடமோ சொல்ல, அந்த யாரோ கடையில் சொல்ல, கடையிலிருந்து மாமியின் காதுக்கு வந்துவிட்டது. மருமகள் உச்சி வெயிலில், உப்புப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு, வருகிற பஸ்ஸில் ஏறாமல், ஒருவரோடும் பேசாமல் தனியாகக் குந்தியிருக்கிறாளாம். ஆளுக்காகக் காத்திருக்கிறாளா என்று பார்த்தால் ஆளுமில்லையாம். அப்படியென்றால் எங்கள் ஊரில் முடிவு ஒன்றுதான். ஜின்.

மாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாங்கு நேரத்தில் ஒரு பொம்பிளை தனியாக மரத்துக்குக் கீழே இருந்தால் ஜின் பார்க்காமல் விடுமா? கிணற்றடியில் விழுந்ததும் அதனால்தான், இரண்டு இடக்கை தைத்ததும் அதனால்தான் என்று எல்லாவற்றையும் ஜின்னின் தலையில் போட்டார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, கணவரும் பக்கத்தில் நிற்க, என்னை ஓதிப் பார்க்க லெப்பை வந்துவிட்டார்.

லெப்பைக்கு என்னைவிட ஆறேழு வயது குறைவு. காலையில் மதரஸாவில் ஓதிக் கொடுப்பார், பின்னேரம் ஓட்டோ ஓட்டுவார். வந்ததும் அந்த ஓட்டோவில்தான். ஒரு கோப்பைத் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த மதகில் என்ன தெரிகிறது என்று மரியாதையாகக் கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் ஆசை வந்தது. ஜின் என்று சொன்னால் எல்லோரும் இரங்குவார்கள். மெல்லப் பேசுவார்கள், வேலை சொல்லமாட்டார்கள். களைப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஜின் பிடித்தவளை நாளைக்கு வேலைக்கு யார் அனுப்புவார்கள்? அதோடு, நானாகக் கண்டுபிடித்த ஒரு காரியத்தின் பேரை ஜின்னுக்குக் கொடுக்க என் மானம் இடம் தரவில்லை.

"ஜின்னும் இல்ல, ஒண்டும் இல்ல. நான் களைச்சுப்போறன். வீட்டுக்கு வாறதுக்கு முதல் அரை மணித்தியாலம் சும்மா குந்தியிருக்கன். அதாலதான் இண்டைக்கு வரைக்கும் விழாம நிக்கிறன்."

லெப்பை தலையைக் குனிந்துகொண்டார், உதட்டில் சிரிப்பு வந்து போனதை நான் கண்டேன். தானும் மதரஸா முடிந்து ஓட்டோவை எடுக்கமுன் புளியமரத்துக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதாகவும், அதைப் பார்த்துவிட்டுத் தன் உம்மா ஓட்டோ பழுதென்று நினைத்து மெக்கானிக்கைக் கூட்டிவந்ததாகவும் சொன்னார். வந்ததற்குத் தண்ணீரை ஓதி ஊதி, களைப்புக்கும் நல்லதுதான், குடியுங்கள் ராத்தா என்று கொடுத்துவிட்டுப் போனார். குடித்தேன்.

மாமிக்கு அது போதவில்லை. களைப்பென்றால் வீட்டில் கட்டில் இல்லையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் என்னிடம் இருந்தது. வீட்டுக் கட்டிலில் படுத்தால் கண் கூரையிலிருக்கும் ஒட்டறையைப் பார்க்கும், காது பானை கொதிப்பதைக் கேட்கும், யாராவது உப்பு எங்கே என்று கூப்பிடுவார்கள். வேலையும் இல்லாத, வீடும் இல்லாத ஓர் இடம் அந்த மதகு மட்டும்தான். இதை நான் எவ்வளவு விளக்கியும் மாமி ஏற்கவில்லை. தானே வந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். தாய் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான் தீர்ப்பு என்று கணவரின் முகத்தில் எழுதியிருந்தது.

திங்கட்கிழமை, பேனையை வைத்துவிட்டு வெளியே வந்தால், மதகில் மாமி. பதினொன்றரைக்கே வந்துவிட்டாராம், கையில் தஸ்பீஹ் மணி. ஜின் வந்திருந்தால் அதற்கு அன்றைக்கு நல்ல பூசை கிடைத்திருக்கும். நான் பக்கத்தில் இருந்தேன். பன்னிரண்டு பத்து பஸ் வந்தது. பஸ்ஸைக் கண்டதும் பழக்கத்தில் மாமி துள்ளி எழும்பி என் கையைப் பிடித்து இழுத்தார். நான் எழும்பவில்லை. நடத்துநர் பொடியன் எங்கள் இருவரையும் பார்த்தான். இப்போது இரண்டு பேரையும் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். பஸ் போய்விட்டது.

மாமி முணுமுணுத்துக்கொண்டே குந்தினார். வெயிலைக் குறை சொன்னார், காற்றைக் குறை சொன்னார், வீட்டில் ஊறவைத்த பருப்பை நினைத்துக் கவலைப்பட்டார். கொஞ்ச நேரத்தில் குறைகள் முடிந்துபோயின. பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருக்கிறார். தஸ்பீஹ் மடியில் கிடந்தது. கண் தண்ணீரில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"தொண்ணூறில வந்ததுக்குப் பிறகு, மகள், நான் இப்பிடி ஒரு இடத்தில சும்மா குந்தியிருந்ததே இல்ல."

பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த மனுசியின் களைப்பை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பன்னிரண்டு நாற்பது பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. நான் எழும்பினேன், மாமி எழும்பவில்லை. இதையும் விட்டுவிட்டு அதற்கடுத்ததில் போவோமா என்று கேட்டார். சீனி வருத்தத்தை நினைவுபடுத்தித்தான் இழுத்துக்கொண்டு ஏறவேண்டியிருந்தது.

மிச்ச மாதங்கள் போன வேகம் தெரியவில்லை. நான் விழவில்லை. ஒரு துண்டிலும் பிழை வரவில்லை, எல்லாச் சட்டைக்கும் ஒரு வலக்கையும் ஒரு இடக்கையும் இருந்தன. மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிறை தெரிந்ததாகச் சொன்ன அன்று கணவர் வீட்டில் நின்றார். நான் அடுப்படியில் விடியுமுன் சாப்பிடுகிற ஸஹருக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். நோன்பும் பிடித்துக்கொண்டு வேலைக்கும் போவதென்றால் உடம்பு தாங்குமா, இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லதில்லையா என்று அவர் முன் அறையிலிருந்து மெல்லத் தொடங்கினார். ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்த பதில்கள் என் வாயில் வரிசையாக நின்றன. ஒன்றையும் சொல்ல வேண்டி வரவில்லை. மாமி முந்திக்கொண்டார்.

"நோம்பு வரைக்கும் எண்டு சொன்னது நீதான். நோம்பு வந்திட்டுது, அவ நிக்கிறா. இனி இந்தக் கதைய இந்த வீட்டில எடுக்காதே."

நான் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தேன், சத்தமாகத்தான் சிரித்தேன். அடுத்த நாள் நோன்போடு வேலைக்குப் போனேன். பதினான்கு லொறிகளை அனுப்பிவிட்டு, பன்னிரண்டு பத்து பஸ்ஸையும் அனுப்பிவிட்டு, மதகில் குந்தினேன்.