ஆறாவது பெயர்

எங்கள் தீவில், மழைக்காலத்தில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் ஃபெரிப் படகில் பூக்கூடையோடு நிற்பது பெரிய பாடு. சாரல் பக்கவாட்டில் அடிக்கும். சென்னையிலிருந்து விமானத்தில் வந்து, நான் வீட்டில் வைத்துக் கட்டிய மல்லிகை நனைந்தால் கோயில் போய்ச் சேருவதற்குள் கறுத்துவிடும். ஒருநாள் என் கூடைக்கு மேல் ஒரு குடை வந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். குடையைப் பிடித்திருந்த பெண், தனக்கும் குடைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகெல்லாம் நனைந்து சேலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீ நனையிறியேம்மா" என்றேன்.

"நான் துவட்டிக்கிருவேன்க்கா. பூவைத் துவட்ட முடியுமா?"

அவள்தான் நீலாவதி. வீட்டுக்காரரோடும் அப்பாவோடும் பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தாள். ஹேடோவில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அன்றிலிருந்து போகும்போதும் வரும்போதும் என் பக்கத்தில்தான் நிற்பாள்.

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். அவள் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபெரியில் அவள் சொல்லக் கேட்டதுதான். தேவேந்திரன் என்று ஒரு டாக்டர், காய்ச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதி மெயின்லேண்டில் உள்ள வைத்தியப் பத்திரிகைக்கு அனுப்புவார். யார் யார் எழுதியதைப் பார்த்து எழுதினோம் என்று கட்டுரையின் கடைசியில் நம்பர் போட்டுப் பட்டியல் கொடுக்க வேண்டுமாம். பெயர் முதலில், ஆண்டு பிறகு, புள்ளி இங்கே, கமா அங்கே என்று ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு முறை உண்டு. அதையெல்லாம் சரிசெய்து கொடுப்பது நீலாவதி.

"சங்கல்பம் சொல்ற மாதிரியா? பேரு, நட்சத்திரம், கோத்திரம்னு வரிசையா?" என்று கேட்டேன்.

"அதேதான்க்கா. ஒண்ணு மாறினாலும் திருப்பி அனுப்பிருவாங்க."

"எங்க சாமி அப்படியெல்லாம் திருப்பி அனுப்பாது."

"நீங்க குடுத்து வச்சவங்க" என்று சிரித்தாள். அந்த வேலை மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. மனு டைப் அடிப்பதைச் சலித்துக்கொள்வாள். டாக்டர் கட்டுரை வந்தால் மட்டும் முகம் மாறிவிடும்.

அதில் ஒரு விதி உண்டு. ஒரு கட்டுரையை ஆறு பேருக்கு மேல் சேர்ந்து எழுதியிருந்தால், ஆறு பெயரைப் போட்டுவிட்டு மீதிப் பேரை 'மற்றவர்கள்' என்று முடித்துவிட வேண்டும். கோயில் நோட்டீஸில் பெரிய மனிதர்கள் பெயரைப் போட்டு, 'மற்றும் பக்தகோடிகள்' என்று முடிப்பார்களே, அப்படி.

ஒருமுறை டாக்டரின் பட்டியலில் தீவுக் காய்ச்சலைப் பற்றிய ஒரு பழைய கட்டுரை வந்தது. நீலாவதி கம்ப்யூட்டரில் தேடி மூலத்தைப் பார்த்தாள். எழுதியவர்கள் ஏழு பேர். ஏழாவது பெயர் அவள் அப்பா தம்பையா.

தம்பையா அண்ணன் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர். பிறகு சுகாதார வேலையில் சேர்ந்து, படகில் தீவு தீவாகப் போய், காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு வந்தவர். பெரிய டாக்டர் யாரோ மனமிரங்கி அவர் பெயரையும் அந்தக் கட்டுரையில் சேர்த்திருந்தார். அண்ணனிடம் இருந்த பிரதி சுனாமியில் வீட்டோடு போய்விட்டது. அதைச் சொல்லாத நாளில்லை.

விதிப்படி செய்தால் அப்பா 'மற்றவர்கள்' ஆகிவிடுவார். நீலாவதி ஆறாவது பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டாள்.

அச்சாவதற்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து பிரதி வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தபோது, வெள்ளிக்கிழமைப் பூ கொடுக்க நானும் போயிருந்தேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினார்.

"இந்தா! தம்பையா! நாந்தான்! சொர்ணம்மா, பாருங்க, பாருங்க!"

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் பார்த்தேன். அண்ணனின் விரல் அந்தப் பெயரிலிருந்து பின்னால் போய் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தது. நின்றது.

"ஏம்புள்ள, ராஜமாணிக்கம் எங்க?"

"யாருப்பா அது?"

"எனக்கு முந்தி அவரு பேருதானே இருந்துச்சு. நான் கொண்டாற கண்ணாடிய மைக்ராஸ்கோப்புல பாக்குறது அவருதான். அவரு பாக்காட்டி நான் எடுத்த ரத்தம் வெறும் கறைதானே புள்ள."

"ஆறு பேருக்குத்தான்ப்பா இடம்."

"அச்சா, சரி. அப்ப நான் எப்படி உள்ள வந்தேன்?"

நீலாவதி எழுந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் ஃபெரியில் எல்லாவற்றையும் சொன்னாள். "தெரியாத பேருதானேன்னு எடுத்துட்டேன்க்கா. அந்த மனுசன் மெயின்லேண்டுக்குப் போனவரு, இப்ப எங்க இருக்காருன்னு அப்பாவுக்கே தெரியல. நீங்க கொஞ்சம் கூட வாங்க."

கூடையோடு டாக்டர் வீட்டு வாசல் வரை போனேன். அவள் தலைகுனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

"விடுங்க, இதை யாரு பாக்கப் போறா?" என்றார் டாக்டர். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "சரி, எதுக்கு மாத்தினீங்க?"

"ஏழாவது ஆளு எங்கப்பா சார்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டார்: "வேற எங்கெல்லாம் கை வெச்சீங்க?"

"வேற எதுலயும் இல்ல சார். சாமி சத்தியமா."

"சரி பண்ணிக் குடுங்க. இனிமே இந்தப் பட்டியல் வேலைய நானே பாத்துக்கறேன்."

அவள் அங்கேயே, அப்பா பெயர் இருந்த அந்தப் பிரதித் தாளைக் கிழித்து என் பூக்கூடை ஓரத்தில் போட்டாள். அன்றைக்கே கடையில் உட்கார்ந்து பட்டியலைத் திருத்திக் கொடுத்தாள். ராஜமாணிக்கம் பெயர் திரும்ப வந்தது. அப்பா 'மற்றவர்கள்' ஆனார்.

சாயங்காலம் நானும் அவளோடு வீட்டுக்குப் போனேன். அண்ணன் கேட்டுவிட்டு, "நல்ல காரியம் செஞ்ச" என்றார். கொஞ்சம் பொறுத்துத் தயங்கிக்கொண்டு கேட்டார்: "அந்தப் பழைய தாளு இருக்கா? சும்மா வச்சுக்கத்தான்."

"கிழிச்சுட்டேன்ப்பா."

"டீக் ஹை, டீக் ஹை, பரவாயில்ல" என்று அவர் சொன்னதைக் கேட்க எனக்கே தாங்கவில்லை. அந்தத் துண்டுகளைக் கோயில் குப்பையோடு நான்தான் கொட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு நீலாவதி கோயிலுக்கு வந்தால் தூண் பக்கமே நிற்பாள். விபூதிக்குக் கை நீட்டமாட்டாள். நான் திட்டினேன்.

"முதல்ல தெரியாத மனுசனை எடுத்தேன். அப்புறம் பெத்த அப்பாவ எடுத்தேன். ரெண்டும் இந்தக் கைதான்க்கா. நீட்ட வரல."

"முருகனுக்குத் தெரியாத கையா? நீட்டுடி" என்றேன். நீட்டவில்லை.

அடுத்த வருசம் அவள் வீட்டுக்காரருக்கு டிக்லிபூருக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் ஜெட்டிப் பக்கம் மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். அண்ணன் முன்னாலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர், "சலோ, சலோ" என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை உங்க பேருக்கு அர்ச்சனை பண்றேன். யார் யார் பேரு, சொல்லு" என்றேன்.

படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னாள்:

"ராஜமாணிக்கம்னு சொல்லுங்க. நட்சத்திரம் தெரியாது. அவருக்கு அப்புறம் அப்பா பேரு. வரிசைய மட்டும் மாத்திராதீங்கக்கா."