செபமாலைக்குப் பின் சொன்ன வரி

எழுத்தைப் பொறிக்கக் கல்லில் மணலைப் பீச்சுவதற்கு முன், நீக்கிலாஸ் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு வாசிப்பார். கல்மேல் ஒட்டிய றப்பர் தாளில் வெட்டிய ஒவ்வொரு எழுத்தின்மேலும் கட்டைவிரல் நகத்தை வைத்து, ஒருமுறை அழுத்திவிட்டு அடுத்ததற்கு நகர்வார். நேராக வாசித்தால் அர்த்தம் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும் என்பது அவர் எண்ணம். வெக்ஸ்போர்ட்டில் ஒரு கல்லறைக் கல் பட்டறையில் அவருக்குப் பத்தொன்பது வருடம். ஒரு கல்லும் திரும்பி வந்ததில்லை. லத்தீன் வரிகள் அவருக்கு இன்னும் சுகம். அர்த்தமே தெரியாது.

றெபேக்கா வந்த அன்றுதான் அந்தச் சுகம் கெட்டது. கணவர் யோசப்பின் கல்லுக்கென்று அவர் கொடுத்திருந்த லத்தீன் வரி, றப்பர் தாளில் தயாராகக் கிடந்தது.

"தம்பி, உதைக் கொஞ்சம் நிப்பாட்டு," என்றார். "மகள் போனிலை போட்டுப் பாத்தவள். உது செபமில்லையாம்."

யோசப் அதைச் சட்டம் போட்டு, திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். லத்தீன் என்றால் செபம்தானே என்று வீட்டில் எவரும் விளக்கம் கேட்கவில்லை. பின்னேரம் செபமாலை முடிய, குடும்பமே முழந்தாளில் நின்று அதையும் சொல்லி ஆமென் போட்டது. இருபத்தாறு வருடம். இப்போது பார்த்தால் அது, வாயடக்கத்தை மெச்சுகிற ஒரு பழமொழி.

"எனக்குத்தான் சொன்னவரோ?" றெபேக்காவின் குரல் இறங்கியது. "நேரை சொல்லப் பயந்து, என்னைக்கொண்டே சொல்லுவிச்சவரோ?"

நீக்கிலாஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அக்கா, நீங்கள் கூடக் கதைப்பியளோ?"

"நானோ? அந்த மனிசன் மூச்சு விடேக்கைதான் எனக்கு ஒரு சொல்லுக்கு இடம் கிடைக்கும்."

"அப்ப தனக்குத்தான் மாட்டினவராக்கும்."

"தனக்கெண்டால் ஒருநாளாவது கடைப்பிடிச்சிருப்பார்."

நீக்கிலாஸுக்கு இன்னும் குழம்பியது. கல்லின் வலப்பக்கம், பின்னொரு நாளைக்கு வேண்டிய றெபேக்காவின் பெயருக்காக வெறுமையாக விடப்பட்டிருந்தது. குத்தல் என்றால், அதே குத்தலின் கீழ்தான் றெபேக்காவும் படுக்கவேண்டும்.

"வேறை வரி போடுவமே? பைபிளிலை எத்தினை கிடக்கு."

றெபேக்கா கல்லின் வெறுமையான பக்கத்தைத் தடவினார். "பிள்ளை பிறக்கேக்கை, வீடு வாங்கேக்கை, அவர் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை, எல்லாத்துக்கும் உதைத்தான் சொன்னனாங்கள். கடவுளுக்கு என்ன விளங்கினதோ எனக்குத் தெரியாது. நீ கல்லிலை வெட்டு."

வாசல்வரை போனவர் திரும்பினார். "எனக்கெண்டுதான் மாட்டினவரெண்டால், அங்கை போய் அவரிட்டையே கேக்கிறன்."

நீக்கிலாஸ் வெட்டினார். அன்று கடைசியிலிருந்து வாசிக்க முடியவில்லை. கண் முதலிலிருந்தே ஓடியது.

கல் நட்டு எட்டு மாதத்துக்குப் பிறகு, தன் அண்ணைக்கு நினைவுக்கல் செய்யச் சொல்ல வந்த நவரட்ணம், பட்டறைச் சுவரில் அதன் படத்தைக் கண்டு நின்றுவிட்டார். யோசப்போடு மார்க்கம் நகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர் சொல்லித்தான் தெரிந்தது: யோசப்பின் ஓயாத கதை தாங்காமல் அங்கிருந்த மேற்பார்வையாளர் அவருடைய மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்த வரி அது. காவலுக்கான செபமென்று நம்பி, தினமும் தொட்டுக் கும்பிட்டே யோசப் வேலை தொடங்கினார். தொழிற்சாலை மூடியபோது கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்.