இரண்டாம் மாடியின் சிவப்புப் பொட்டு

நீலசந்திராவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒன்பது வீடுகள். குப்பை ஆட்டோவில் வரும் அம்மா தினமும் காலையில் 'ஹசி கசா, ஒண கசா' என்று கன்னடத்தில் கூவுவார். ஈரக் குப்பை, காய்ந்த குப்பை என்று யாரும் பிரிப்பதில்லை. எல்லாம் ஒரே வாளியில்தான் கீழே இறங்கும்.

எங்களோடு தங்கியிருந்த மாமாவுக்கு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. அங்கே ஒவ்வொரு பிரிவும் எப்படி வேலை செய்கிறது என்று நிறத்தில் காட்டும் பலகை உண்டாம். நூறு தடவை சொல்லியும் திருந்தாதவர்கள் அதைப் பார்த்துத் திருந்துவார்களாம். மாடிப்படிக்குக் கீழே மாமாவும் ஓர் அட்டை மாட்டினார். பிரித்துப் போடும் வீட்டுக்குப் பச்சை ஸ்டிக்கர் பொட்டு, போடாத வீட்டுக்குச் சிவப்பு. ஒட்டும் உத்தியோகம் எனக்கு. ஒன்பது வயதில் கிடைத்த அதிகாரம், மிகவும் பிடித்திருந்தது.

ஒரே மாதத்தில் எட்டு வீடுகள் பச்சைக்கு மாறின. இரண்டாம் மாடியில் பிளவுஸ் தைக்கும் அக்காவின் வீடு மட்டும் சிவப்பிலேயே நின்றது. படியேறுகிறவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக் கதவையும் பார்ப்பார்கள். அடுத்த வாரம் அக்காவின் வாளியில் காய்கறித் தோல் மட்டுமே இருந்தது. ஒன்பதும் பச்சை. மாமா அட்டையைப் படமெடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்குப் போகும்போது, சாக்கடைப் பாலத்தில் அக்காவைப் பார்த்தேன். துணிப்பையிலிருந்து ஒரு கறுப்பு கவரை எடுத்துத் தண்ணீரில் போட்டார். திரும்பியவர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"மாமனாருக்கு டயபர் கட்டறோம் பாப்பா. கீழ தனியா வெச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். பி.டி. மாஸ்டரா இருந்த மனுஷன். யார்கிட்டயும் சொல்லாத."

டயபர் கைக்குழந்தைக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். அக்கா பொய் சொல்கிறார் என்று முடிவுசெய்து, சாயங்காலமே மாமாவிடம் சொல்லிவிட்டேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அடுப்படியிலிருந்து அம்மா தன் தம்பியைத்தான் கேட்டாள்.

"பொட்டு ஒட்டறதுக்கு முன்னாடி, ஒரு தடவ கதவத் தட்டி ஏன்னு கேட்டிருக்கலாம்ல டா?"

மாமா இரண்டாம் மாடிக்குப் போனார். அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்து அட்டையைக் கழற்றினார். ஒன்பது பச்சையும் போயிற்றே என்று நான் அழுதேன். அட்டை போனபின் சில வீடுகள் பிரிப்பதைத் தொடர்ந்தன, சில விட்டுவிட்டன.

மறுநாளிலிருந்து மாமா வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் வாளியோடு, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றையும் கொண்டுபோய் ஆட்டோ அம்மாவின் கையில் கொடுப்பார். என்ன அது என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டபோது, "எங்க வீட்டுதுதான்" என்றார். இரண்டாம் மாடிப் பெரியவர் இறக்கும்வரை, ஏறக்குறைய ஒன்றரை வருடம், அது நடந்தது.

அட்டை மாட்டியதற்காக அம்மா மாமாவுக்குக் கொடுத்த தண்டனை அது என்றுதான் அந்த ஒன்றரை வருடமும் நினைத்திருந்தேன். அம்மா இவ்வளவு கண்டிப்பாக இருக்கவேண்டாம் என்றும் தோன்றியது.