விரல் மேல் விழுந்த பழி

டைல்ஸ் ஒட்டும் அந்த மனிதருக்கு ரசமட்டம் என்று பெயர் நிலைத்துவிட்டது. விருந்தாளியாகப் போன வீட்டிலும், பையில் இருக்கும் ரசமட்டத்தை எடுத்து மேசை மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர் குடிப்பார். குமிழி விலகியிருந்தால் வீட்டுக்காரர் தொலைந்தார். மேசைக்காலின் அடியில் அட்டையை மடித்து வைக்கும்வரை அவர் பேச்சு வேறெதற்கும் நகராது.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவர் எலக்ட்ரிக் கிடார் வாங்கினார். வாலிபத்திலேயே இருந்த ஆசைதான்; மகள் படித்து முடித்து வேலைக்குப் போனபிறகே தலைதூக்கியது. சிவப்பு நிறம், புத்தம்புதுசு. பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கட்டிலில் கிடத்தி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாசிக்க உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது. சும்மா மீட்டினால் நன்றாகத்தான் இருந்தது. தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளி, ஒலியை மேலே ஏற்றும்போது மட்டும் மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது. தள்ளத் தள்ள விரலுக்கே கூசியது.

ரசமட்டம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்தார். கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பொட்டு வெளிச்சம் இல்லை. ஆக, கிடார் மட்டமாக இருக்கிறது. மட்டமாக இருக்கும் பொருளில் குற்றம் இருக்க அவர் அறிந்தவரை வழியில்லை. மிச்சம் இருப்பது சிமெண்டில் ஊறிக் காய்ந்த தன் விரல்கள்தான்.

ஒருவருக்கும் தெரியாமல் விரல் நுனிகளை உப்புத்தாளில் தேய்த்தார். விரல் சிவந்தது. கரகரப்பு அப்படியே இருந்தது.

மனைவியின் தம்பி வந்திருந்தான். கரகரப்பைக் கேட்ட மச்சானுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மாமா, தரையில டைல்ஸ் ஒட்டும். தந்தியில இந்த விரல் ஒட்டுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். மறுநாள் காலையில் மச்சான் வண்டியிலேயே கொண்டுபோவதாகப் பேச்சாயிற்று.

அன்று மத்தியானம் மனைவி வீட்டில் இருந்தாள். அழகு நிலையத்தில் நகம் திருத்துவது அவள் வேலை. அவள் முன்னால் கையை நீட்டி, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்பதுபோல், இதைக் கொஞ்சம் வழவழப்பாக்க முடியுமா என்று கேட்டார். தோல் உரிந்த நுனிகளைப் பார்த்ததும் அவள் விடவில்லை. உப்புத்தாள் கதையை முழுசாகக் கறந்துவிட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கிடாரை மடியில் எடுத்து, தன் விரலால் தந்தியை அழுத்தித் தள்ளினாள்.

கரகர.

"என் விரல்லயும் சிமெண்டாங்க?"

அவள் தந்திக்கு அடியில் இருந்த குறுக்குக் கம்பியின் முதுகில் நகத்தை மெல்ல ஓட்டினாள். நகம் தடுக்கித் தடுக்கிப் போனது.

"மட்டமாத்தான் இருக்கு. மெருகு போடாம அனுப்பிட்டாங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். டைல்ஸை மட்டம் பார்த்து ஒட்டுவது ஒரு வேலை, மெருகு போடுவது வேறு வேலை என்று, காண்கிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவர் அவர்.

தந்திகளைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கினார்கள். மரத்தில் கீறல் விழாதபடி, கம்பி மட்டும் வெளியே தெரிய, அவர் டேப் ஒட்டினார். அந்த ஒட்டலில் ஒரு சுருக்கம் காட்ட முடியாது. நகத்துக்குப் பளபளப்பு ஏற்றும் கட்டையை அவள் எடுத்து வந்தாள். முதலில் சொரசொரப்பான பக்கம், அப்புறம் மென்மையான பக்கம், கடைசியில் மினுக்கும் பக்கம். கம்பியின் நீளவாக்கில் பொறுமையாகத் தேய்த்தாள். மங்கலாக இருந்த கம்பிகளில் ஜன்னல் தெரிந்தது. வாடிக்கைக்காரம்மாக்கள்கூட இவ்வளவு நேரம் அசையாமல் இருப்பதில்லை என்றாள்.

தந்திகளை மறுபடி முறுக்கிச் சுருதி சேர்த்து, அவர் ஒன்றை அழுத்தித் தள்ளினார். கரகரப்பே இல்லாமல் தந்தி வழுக்கிக்கொண்டு போனது. போன வேகத்தில், நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் அபஸ்வரமாக அலறியது. அதற்குள் வேலையிலிருந்து திரும்பியிருந்த மகள் பக்கத்து அறையில் சிரிப்பை அடக்குவது கேட்டது.

மச்சானுக்குப் போன் போட்டு, வண்டி வேண்டாம் என்றார்.

"ஏன் மாமா, விரல் சரியாயிடுச்சா?"

"விரல் நல்லாத்தான்டா இருக்கு. எனக்குத்தான் வாசிக்கத் தெரியல" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.